நாட்டுத் தக்காளியும் இத்தாலிய ரொட்டியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று எனக்குப் பெயர் உண்டு. இங்கே மணியும் இல்லை. ஒரு தம்ளர் காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் சமையல் பிரிவில் வேலை பார்க்கிறாள். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வாட்டிய ரொட்டித் துண்டுகள், மேலே பொடியாக நறுக்கிய தக்காளி, இரண்டு பச்சை இலை. "டீச்சர், இதுக்குப் பேரு ப்ருஸ்கெட்டா. 4 துண்டு 350 ரூபாய். பாரம்பரிய இத்தாலிய உணவுன்னு மெனுவுல போட்டிருக்கோம். இதுக்கு என்ன வரலாறு?" என்று கேட்டிருந்தாள். நம் வீட்டிலும் செய்து பார்க்கலாமே என்று அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே என் கொழுந்தனாரிடமிருந்து பதில்: "வ.உ.சி. கப்பல் விட்ட ஊர்ல இருந்துகிட்டு வெளிநாட்டுக்காரன் ரொட்டி நமக்கு எதுக்கு மதினி?"

இரண்டுமே நல்ல கேள்விகள். இரண்டுக்கும் பதில் வரலாற்றில் இருக்கிறது. சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலம் படித்த நாக்கு இதைப் 'புருஷெட்டா' என்று சொல்லும். இத்தாலிய எழுத்து முறைப்படி அந்த இடத்தில் வருவது 'க' ஒலி. ப்ருஸ்கெட்டா என்பதுதான் சரி. ரோம் நகரத்து வட்டார வழக்கில் 'ப்ருஸ்காரே' என்றால் தணலில் வாட்டுவது. அதிலிருந்து வந்த பெயர் இது. நம் பேச்சில் சொன்னால் 'வாட்டினது'. பெயரில் ரொட்டிகூட இல்லை, தக்காளியும் இல்லை. இதை மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இத்தாலியில் ஆலிவ் காய் அறுவடையாகி எண்ணெய் ஆட்டும் காலத்தில், புது எண்ணெய் எப்படி இருக்கிறது என்று ருசி பார்க்க வேண்டும். எண்ணெயைச் சும்மா குடிக்க முடியாது. ஒரு துண்டு ரொட்டியை நெருப்பில் வாட்டி, பூண்டைத் தேய்த்து, புது எண்ணெயை ஊற்றி, உப்புத் தூவித் தின்பார்கள். தஸ்கனிப் பகுதியில் இதற்கு 'ஃபெத்துன்தா' என்று பெயர். எண்ணெய் தோய்ந்த துண்டு என்று அர்த்தம். இரண்டு நாள் ஆகிக் காய்ந்துபோன ரொட்டிதான் இதற்குத் தோது. கெட்டியான ரொட்டியை வீணாக்காமல் தின்ன உழைப்பாளி மக்கள் கண்டுபிடித்த வழி இது.

நம் ஊர்ப் பக்கம் செக்கடியில் நின்ற பெரியவர்களுக்கு இது உடனே புரியும். நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டி போடுவார்கள். ஆட்டி முடித்ததும் சூடாக இருக்கும் எள்ளுப் பிண்ணாக்கை ஒரு கை அள்ளித் தின்ன பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்போம். அந்த ருசிக்கு யாரும் விலை வைத்ததில்லை. ப்ருஸ்கெட்டாவும் பிறந்தபோது அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

சரி, இத்தாலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது, ஏறத்தாழ 2000 ஆண்டுச் சம்பந்தம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் பாண்டியரின் துறைமுகமாக இருந்தது கொற்கை. கடல் பின்வாங்கிவிட்டதால் இன்று அது உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற வழிகாட்டி நூல், கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்று சொல்கிறது. அந்த முத்து ரோமாபுரிப் பெண்களின் காதுக்கும் கழுத்துக்கும் போனது. இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிலிருந்து உறிஞ்சுவதாகப் பிளினி புலம்பியதும் அதே நூற்றாண்டில்தான்.

அங்கிருந்து இங்கே வந்தது பொன்னும் வெள்ளியும் மட்டும் இல்லை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த இரண்டு கைப்பிடி வைத்த மண்சாடிகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மது வந்த சாடிகள். சிலவற்றில் ஆலிவ் எண்ணெய் வந்திருக்கிறது. ஆக, இன்று கண்ணாடிப் பாட்டிலில் பெரிய கடைகளில் பார்க்கிற அந்த எண்ணெய் தமிழ்நாட்டுக் கரைக்குப் புதுசு இல்லை. நம் முத்து போன கடல்வழியில் அது வந்திருக்கிறது.

1200 ஆண்டு தாண்டி வருவோம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். காயல் துறைமுகத்தைப் பற்றியும், அரபு நாடுகளிலிருந்து அங்கே இறங்கிய குதிரைகளைப் பற்றியும் எழுதினார். அவர் சொன்ன காயல் நம் பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிவு. முத்துக்குளிப்பையும் விவரமாக எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா கிட்டே வராமல் மந்திரித்தவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மூச்சடக்கி மூழ்கியவர்கள் தங்கள் பங்கை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு நம் கரைக்குப் புதிதில்லை.

அந்த மார்க்கோ போலோ வீடு திரும்பியதும் தக்காளி போட்ட ரொட்டி தின்றிருப்பாரா? முடியாது. அவர் காலத்து இத்தாலியில் தக்காளியே கிடையாது. முத்து வாங்கிய ரோமானியர்களும் தக்காளியைக் கண்டதில்லை. அது அப்போது அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் இருந்தது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் 'தொமாத்ல்' என்று ஒரு சொல். அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் டொமேட்டோ வந்தது. 1521-இல் எர்னான் கோர்த்தெஸ் அஸ்டெக் தலைநகரைப் பிடித்தார். அதற்குப் பிறகே ஸ்பெயின்காரர்களின் கப்பலேறித் தக்காளி ஐரோப்பாவுக்குப் போனது.

இனி வரும் ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். தேதி ஒப்பீடு எனக்குப் பிடித்த விளையாட்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

1532 வாக்கில் போர்ச்சுகீசியர் தூத்துக்குடிக்கு வந்தார்கள். 1542-இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-இல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் தம் மூலிகை நூலில் தக்காளியைப் பற்றி எழுதினார். இத்தாலியில் அச்சேறிய முதல் குறிப்பு அதுதான். கத்தரிக்காய் வகையில் ஒன்று என்று அதைச் சேர்த்தார். 1548 அக்டோபர் 31 அன்று பீசா நகரில், கோசிமோ தே மெதிச்சி பிரபுவின் அரண்மனைக்குத் தோட்டத்திலிருந்து ஒரு கூடை தக்காளி போய்ச் சேர்ந்தது. அந்தக் கூடையைப் பற்றிய கடிதக் குறிப்பு இன்றும் இருக்கிறது. அரண்மனைக்காரர்களுக்கே அது வேடிக்கைப் பொருள்.

அதே சமயத்தில் நம் கரையில் ஓர் இத்தாலியர் இருந்தார். அந்தோனியோ கிரிமினாலி. 1520-இல் பார்மா நகரத்துக்குப் பக்கத்தில் சிஸ்ஸா என்ற ஊரில் பிறந்தவர். முத்துக்குளித்துறை இயேசு சபைக் குருக்களுக்குத் தலைவராக இருந்தார். 1549-இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் விஜயநகரப் படையினரால் கொல்லப்பட்டார். 29 வயது. பீசாவுக்கு அந்தக் கூடை போய் ஓராண்டுகூட ஆகவில்லை. தக்காளியை உலகமே இத்தாலியோடு சேர்த்து நினைக்கிறது. நம் கரையில் உயிர்விட்ட அந்த இத்தாலியரோ அநேகமாக ஒரு தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொருவர், உங்கள் எல்லாருக்கும் தெரிந்த தத்துவ போதகர், இராபர்ட் தெ நோபிலி. தஸ்கனிப் பகுதியின் மொந்தெபுல்சானோவைச் சேர்ந்த பெருங்குடும்பம். 1605-இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் சில மாதம் தங்கித் தமிழ் கற்றார். 1606-இல் மதுரை போனார். அங்கே காவி உடுத்தி, புலால் விட்டு, நாளுக்கு ஒருவேளை சோறும் கீரையும் என்று துறவிபோல் வாழ்ந்தார். நான் மேலே சொன்ன எண்ணெய் ரொட்டியின் நாட்டுக்காரர், அதை விட்டுவிட்டு நம் சோற்றுக்கு மாறினார். யார் எதைச் சாப்பிட வேண்டும் என்று பிறப்பு தீர்மானித்துவிடுவதில்லை.

தக்காளியை இத்தாலி உடனே ஏற்றுக்கொண்டதா? இல்லை. 'பொமொதோரோ', அதாவது பொன் ஆப்பிள் என்று அழகான பெயர் வைத்தார்கள். ஆனால் சாப்பிடப் பயந்தார்கள். தோட்டத்தில் அழகுக்கு வளர்த்தார்கள். 1690-களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலில் ஒரு தக்காளிச் சட்னி வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்பெயின் பாணி'. கூடை வந்து 140 ஆண்டுக்கு மேல் ஆகியும் அது அவர்களுக்கு அந்நியச் சரக்குதான். இத்தாலிய வீட்டுச் சமையலில் தக்காளி உறுதியாக உட்கார்ந்தது 19-ஆம் நூற்றாண்டில். தக்காளி போட்ட ப்ருஸ்கெட்டா உலகத்து ஓட்டல்களுக்கெல்லாம் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில். 'பாரம்பரிய இத்தாலிய' என்று மெனுவில் எழுதும்போது, வாட்டிய ரொட்டிக்கும் பூண்டுக்கும் எண்ணெய்க்கும் அந்தச் சொல் பொருந்தும். தக்காளிக்கு அது பிற்காலத்தில் கிடைத்த பட்டம்.

இப்போது நம் பக்கம். தக்காளி இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் 'தக்காளி' என்ற சொல் எந்தக் கப்பலிலும் வரவில்லை. வேலியோரம் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளி தெரியுமா? காயைச் சுற்றிக் காகிதப் பைபோல் ஒரு உறை இருக்கும். நெற்றியில் அடித்து உடைத்து விளையாடுவோம். வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கும் மணத்தக்காளி இருக்கிறது. இவைதான் நம் பழைய தக்காளிகள். கடல் தாண்டி வந்த புதுப்பழத்துக்கு நம் முன்னோர் வேலியோரச் செடியின் பெயரையே கொடுத்துவிட்டார்கள். முன்னால் ஒரு 'சீமை' மட்டும் சேர்த்தார்கள், சீமைத் தக்காளி என்று. என் ஆச்சி கடைசிவரை அப்படித்தான் சொன்னார். காலப்போக்கில் 'சீமை' உதிர்ந்துவிட்டது.

பெயர் கொடுத்தோமே தவிர, நாமும் உடனே சட்டியில் போட்டுவிடவில்லை. ஜார்ஜ் வாட் என்பவர் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்திய விளைபொருள் அகராதியில், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகப் பயிரிடப்படுகிறது, உள்ளூர் மக்கள் இப்போதுதான் விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்று குறிப்பு வருகிறது. அதாவது நம் பூட்டனார் காலத்துச் சங்கதி. என் ஆச்சி வைத்த மீன் குழம்பில் புளி உண்டு, தேங்காய் உண்டு, மாங்காய்க் காலத்தில் மாங்காய் உண்டு. தக்காளி கிடையாது. இன்றும் சில வீடுகளில் தெவசச் சமையலில் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. கல்வெட்டு மட்டும்தான் சான்று என்று நினைக்காதீர்கள். அந்த அடுப்பும் ஒரு சான்று. அந்தப் பொருள்கள் வருவதற்கு முந்திய சமையல் எப்படி இருந்தது என்பதை அது காப்பாற்றி வைத்திருக்கிறது. இவ்வளவு ஏன், நம் உயிரான புளியே ஆதியில் ஆப்பிரிக்க மரம். மிகப் பழங்காலத்தில் இங்கு வந்து, அரபுக்காரர்கள் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று அழைக்கும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது.

இன்று காய்கறிக் கடையில் போய் நின்றால் என்ன கேட்கிறோம்? "நாட்டுத் தக்காளி குடுங்க, பெங்களூர்த் தக்காளி வேண்டாம்." மெக்சிகோவில் பிறந்த பழத்துக்கு 'நாட்டு' என்று பட்டம் கொடுத்து, பெங்களூர்ப் பழத்தை வெளியூர் என்று ஒதுக்குகிறோம்! எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு பொருள் நம்முடையதாவதற்கு நாள் பிடிக்கும். ஆனபிறகு, அது வந்த கதை நமக்கு மறந்துபோகும். இத்தாலிக்காரர்களுக்கு நடந்ததும் அதுவேதான்.

என் கொழுந்தனாருக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அது எதை எதிர்த்து? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றே கப்பல் விட்டுக் கொள்ளை லாபம் பார்த்ததை எதிர்த்து. கப்பலும் வெளிநாட்டில் வாங்கியதுதான். அதை யார் நடத்துவது, லாபம் யாருக்கு, வேலை செய்கிறவனுக்கு என்ன கூலி என்பதுதான் அவருடைய கேள்வி. அதனால்தான் 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் அவர் முன்னால் நின்றார். சுதேசிக் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் அது. விதை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்தால் மிளகாய், முந்திரி, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். பிறகு கொழுந்தனார் சாப்பிட மிளகுத் தண்ணிதான் மிஞ்சும்.

ரொட்டி விஷயமும் இப்படித்தான். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் நம் பேச்சில் தங்கிவிட்ட போர்ச்சுகீசியச் சொற்கள். ரொட்டிக்கு அவர்கள் சொன்ன 'பாவ்' பம்பாயில் அப்படியே இருக்கிறது. எதிர்க்கரையில், இலங்கைத் தமிழில் அது 'பாண்' ஆனது. கோவாவில் ரொட்டி மாவு புளிக்கக் கள் ஊற்றிப் பிசைந்தார்கள். போர்ச்சுகீசியருக்குப் பிறகு 1658-இல் டச்சுக்காரர் வந்தார்கள், 1825-இல் ஊர் நிலையாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. எல்லாரும் ரொட்டி தின்கிறவர்கள். பேக்கரித் தொழில் நம் ஊரில் வேர் பிடித்ததற்கு அந்தத் துறைமுக வாழ்க்கைதான் காரணம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறீர்களே மக்ரூன், அந்தப் பெயரின் மூலம் இத்தாலியச் சொல். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்வார்கள். இங்கே பாதாமுக்குப் பதில் முந்திரி வந்தது. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. இருந்தாலும், தூத்துக்குடி மக்ரூன் தூத்துக்குடியுடையது இல்லை என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்!

ஒன்று மட்டும் நம்மிடம் எப்போதும் உண்டு. உப்பு. தஸ்கனிக்காரர்களின் ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். அதனால்தான் வாட்டிய துண்டின் மேல் உப்புத் தூவுவது அங்கே முக்கியம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு நம் மாவட்டத்தில். மாப்பிள்ளையூரணியிலிருந்து எந்தப் பக்கம் கொஞ்சத் தூரம் போனாலும் வெள்ளை அம்பாரம் கண்ணைக் கூசும். அந்தக் கூச்சம் நமக்கு ஒரு நிமிடம். அதிலேயே நின்று வாருகிறவர்களுக்குக் கண்ணும் போகிறது, காலும் வெடிக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் வேலையும் இல்லை.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் உப்பளத்து வீட்டிலிருந்தும் கடலுக்குப் போகிற வீட்டிலிருந்தும் வந்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளை எனக்கு நினைவிருக்கிறது. தூக்குவாளியில் பழைய சோறு, ஒரு துண்டு கருவாடு. பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடிக்கும் என்ற கூச்சம். யார் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் இந்த ரொட்டிக் கதையை இவ்வளவு நீட்டுகிறேன். நேற்றுச் சுட்ட ரொட்டி காய்ந்துபோனால் எறியக் கூடாது என்று வாட்டி, பூண்டு தேய்த்து, உப்புப் போட்டுத் தின்ற ஒரு நாட்டு ஏழைகளின் சாப்பாடு இன்று 350 ரூபாய்க்குத் தட்டில் வருகிறது. நேற்று வடித்த சோறு வீணாகக் கூடாது என்று தண்ணீர் ஊற்றி வைத்து, சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்துத் தின்ற நம் சாப்பாடு எந்த வகையில் குறைந்தது? இரண்டையும் கண்டுபிடித்தது ஒரே அறிவு. பண்டத்தை மதிக்கிற அறிவு. ஒன்றைப் பார்த்து வாய் பிளக்கவும் வேண்டாம், மற்றதைப் பார்த்துத் தலை குனியவும் வேண்டாம்.

இப்போது செய்முறை. பேத்தியும் நானும் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டோம். 4 பேருக்கு அளவு சொல்கிறேன்.

ரொட்டி: பேக்கரியில் துண்டு போடாத முழு ரொட்டி வாங்குங்கள். இனிப்புப் பால் ரொட்டி வேண்டாம். ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் விரல் கனத்துக்கு 8 துண்டு போடுங்கள்.

தக்காளி: நன்றாகப் பழுத்த, ஆனால் கெட்டியானவை, நடுத்தர அளவில் 5. நம் நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் மணமும் அதிகம், தண்ணீரும் அதிகம். பெங்களூர்த் தக்காளி கெட்டியாக இருக்கும், ருசி மட்டு. பாதிப் பாதியாகக் கலந்தால் சரியாக வருகிறது. விதையையும் சாற்றையும் வழித்து எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, வடிகட்டியில் 10 நிமிடம் வையுங்கள். உப்பு தண்ணீரை இழுத்து வெளியே விடும். கருவாடு போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இறங்கிய சாற்றைக் கொட்டாதீர்கள், இராத்திரி ரசத்துக்கு ஆகும்.

வாட்டுவது: சிரட்டைக் கரித் தணல் இருந்தால் அதுதான் முதல் தரம், பெயருக்கும் பொருத்தம். இல்லையென்றால் இரும்புத் தோசைக்கல். எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் வரிவரியாகக் கறுக்கும்வரை வாட்டுங்கள். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே கொஞ்சம் மெத்தென்றும் இருக்க வேண்டும்.

பூண்டு: சூடு ஆறும் முன் உரித்த பூண்டுப் பல்லை ரொட்டியின் மேல் தேயுங்கள். காய்ந்த ரொட்டி துருவியைப்போல் சொரசொரப்பாக இருப்பதால் பூண்டு அதிலேயே கரைந்துவிடும். ஒரு பல் 4 துண்டுக்குப் போதும்.

எண்ணெய்: ஆலிவ் எண்ணெய் இருந்தால் துண்டுக்கு ஒரு தேக்கரண்டி. இல்லையா, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் அரைத் தேக்கரண்டி. மணம் வேறு, ஆனால் மோசமில்லை. புது எண்ணெயைக் கொண்டாடத்தானே இந்தப் பண்டமே பிறந்தது. நம் புது எண்ணெய் அதுதானே.

இலை: இத்தாலியில் போடும் 'பேசில்' இலைக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். நம் திருநீற்றுப் பச்சிலை அதே இனச் செடி. சர்பத்தில் மிதக்கிற சப்ஜா விதை அதனுடைய விதைதான். இது வெப்ப நாட்டுச் செடி, இத்தாலிதான் நம் பக்கத்துக் கடனாளி. நம் இலைக்குக் காரமும் மணமும் தூக்கல் என்பதால் துண்டுக்கு ஒரு சின்ன இலை போதும். கத்தி வைக்காமல் கையால் கிள்ளிப் போடுங்கள்.

வடிந்த தக்காளியை மேலே வைத்து, இலையைப் போட்டு, உடனே சாப்பிடுங்கள். 10 நிமிடம் தாமதித்தால் ரொட்டி நமத்துப்போகும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டால் என்ன என்று பேத்தி கேட்டாள். தாராளமாகப் போடலாம் என்றேன். அப்போது அது மாப்பிள்ளையூரணி ப்ருஸ்கெட்டா.

கடைசியாக வீட்டுப்பாடம். டீச்சர் பதிவில் வீட்டுப்பாடம் இல்லாமல் இருக்குமா? நம் கரையில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். அதில் மூழ்கியவர்கள் அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை நாம் முழுதாகக் கேட்டு வைக்கவில்லை. சமையலறையிலும் அதுவேதான் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் 80 வயது தாண்டிய ஆச்சியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குழம்பில் தக்காளி உண்டா? இல்லையென்றால் எப்போது, யார் வீட்டில் முதலில் பார்த்தீர்கள்? அதை அப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, ஊர்ப் பெயரும் ஏறக்குறைய ஆண்டும் சேர்த்து, கீழே எழுதுங்கள். ஒரு வரி போதும். நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதி வைக்கப் போகிறேன்.

கொழுந்தனாரே, உங்கள் அம்மா, என் மாமியார், என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்களும் எழுத வேண்டும். விலக்கு கிடையாது.